பட்டாளத்து நண்பர்கள் எங்கே கூடுவது?



ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லி, தம்மம்பட்டி பக்கமெல்லாம் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பின குடும்பங்கள் நிறைய உண்டு. எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. என் கணவர் 24 வருஷம் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். இப்படிப்பட்ட வீடுகளில் சில வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு போன் வரும். "டேய், நம்ம ஆளுங்க எல்லாம் ஒருக்கா சேரலாம்டா!" அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி வீட்டுக்காரருக்குத் தூக்கம் வராது.

அப்புறம் நாலு மாசம், எங்கே சேருவது என்று பேச்சு நடக்கும். ஒருத்தர் வெல்லிங்டன் என்பார், ஒருத்தர் பெங்களூரு என்பார். யார் யாரால் வர முடியும் என்று மட்டும் ஒருத்தரும் பேச மாட்டார்கள். அதைப் பேச வேண்டியவர்கள் நாம்தான். எங்கள் ஆத்தூரில் இப்படி ஒரு சந்திப்பை நடத்திப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கும் ஒருநாள் அந்த போன் வரலாம்.

முதலில் இடம். மெட்ராஸ் ரெஜிமென்ட் 1758-ல் தொடங்கியது. அதன் பயிற்சி மையம் நீலகிரியில் குன்னூர் பக்கம் வெல்லிங்டனில் இருக்கிறது. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற பொறியாளர் படை 1780-ல் தொடங்கியது. அதன் மையம் பெங்களூரில், அல்சூர் ஏரி பக்கம். பதினெட்டு வயதில் தகரப் பெட்டியோடு போய் இறங்கி, முடி வெட்டிக்கொண்டு, உஸ்தாத்திடம் திட்டு வாங்கின மண் அது. அவர்களுக்கு அது பிறந்த வீடு மாதிரி. மையமே கூப்பிட்டு ரியூனியன் வைத்தால் கட்டாயம் போகணும். அணிவகுப்பைப் பார்த்து, நினைவுச் சின்னத்தில் மலர் வைத்து, படாகானாவில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தால் பத்து வயது குறையும்.

ஆனால் நாமே காசு போட்டு நடத்துகிற சின்ன சந்திப்புக்கு அந்த இடம் ஒத்து வருமா? வெல்லிங்டன் சுமார் 6,000 அடி உயரம். மூச்சிரைப்பு, இதயக் கோளாறு உள்ளவர்களுக்குக் குளிர் ஆகாது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கு வெளியூர் வண்டிகள் போக இ-பாஸ் நடைமுறையும் வந்தது. பெங்களூரில் லாட்ஜ் வாடகையே முக்கால் பென்ஷனைத் தின்றுவிடும். அதோடு ராணுவ வளாகத்துக்குள் நினைத்தபோது நுழைய முடியாது. அடையாள அட்டை, முன் அனுமதி எல்லாம் வேணும்.

இதற்கு எங்கள் வீட்டில் கண்டுபிடித்த வழி ரொம்ப சுலபம். ஒரு நோட்டில் எல்லார் பேரையும் எழுதினோம். பக்கத்தில் ஊர், வயது, கூட வர ஆள் உண்டா, எந்த பஸ், எந்த ரயில் என்று கோடு போட்டு எழுதினோம். நோட்டின் கடைசியில் காலமானவர்களின் மனைவிமார் பேரையும் சேர்த்தேன். "அவங்க எதுக்கும்மா?" என்றார் வீட்டுக்காரர். "லைன் குவார்ட்டர்ஸ்ல எனக்கு ரசம் வச்சுக் குடுத்தது உங்க நண்பரா, அவர் சம்சாரமா?" என்று கேட்டேன். பேசாமல் எழுதிக்கொண்டார்.

எழுதி முடித்ததும் விடை தானாகவே தெரிந்தது. பாதிப் பேருக்கு மேல் சேலம், நாமக்கல், கள்ளக்குறிச்சி, பெரம்பலூர் பக்கம். சேலம் - விருத்தாசலம் ரயில் பாதையில் ஆத்தூர் இருக்கிறது. சென்னை எழும்பூரிலிருந்து சேலம் வருகிற ரயில் இங்கே நிற்கும். பஸ்ஸுக்குப் பஞ்சமே இல்லை. யாரால் வருவது ரொம்பக் கஷ்டமோ, அவருக்கு எது பக்கமோ அதுதான் சரியான இடம். காரில் வருகிறவர் எங்கே வைத்தாலும் வந்துவிடுவார்.

அடுத்து தேதி. ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம். முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா 1953-ல் அன்றுதான் ஓய்வு பெற்றார். நல்ல நாள்தான். ஆனால் நம்ம ஊரில் அன்றைக்குப் போகி, இல்லையென்றால் பொங்கல். பானை வைக்கிற அன்று எந்த வீட்டம்மா கிளம்புவாள்? 1971 போர் வெற்றி நாள் டிசம்பர் 16. அது மார்கழி பிறக்கிற சமயம். கார்கில் வெற்றி நாள் ஜூலை 26. அது ஆடி. இரண்டும் முகூர்த்தம் இல்லாத மாசம் என்பதைக் கவனித்தீர்களா? கல்யாண மண்டபம் சும்மா கிடக்கும். வாடகையும் பேசிக் குறைக்கலாம். நாங்கள் டிசம்பர் 16-க்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டோம். ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களுக்குத் தனியாக சைவப் பந்தி.

மண்டபம் பார்க்கப் போகும்போது ஆண்களை மட்டும் அனுப்பாதீர்கள். அவர்கள் மேடையையும் மைக் செட்டையும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள். நாம் போனால் கக்கூஸைப் பார்ப்போம். உட்கார்ந்து போகிற வெஸ்டர்ன் டாய்லெட் இரண்டாவது இருக்கணும், கைப்பிடி இருக்கணும். சாப்பாட்டுக் கூடம் கீழ்த்தளத்தில் இருக்கணும். முழங்கால் தேய்ந்தவர்கள் மாடி ஏற மாட்டார்கள். ராத்திரி தங்குகிற பெண்களுக்குத் தாழ்ப்பாள் சரியாக விழுகிற அறை வேணும். சர்க்கரை நோயாளிகள் அதிகம். அதனால் 1 மணி சாப்பாடு என்றால் 1 மணிக்கு இலை போடணும். "பட்டாளத்து டைம்" என்று சொல்லிவிட்டு மைக்கைப் பிடித்தால் விடவே மாட்டார்கள்!

துணைக்கு ஆள் என்பதும் முக்கியம். அமெரிக்காவில் நடந்த உள்நாட்டுப் போரில் எதிரெதிராகச் சண்டை போட்ட கிழவர்கள், கெட்டிஸ்பர்க் என்ற ஊரில் நடந்த சண்டைக்கு 50 வருஷம் கழித்து 1913-ல் அதே ஊரில் ஒன்றாகக் கூடினார்கள். 50,000-க்கும் மேற்பட்டவர்கள், கூடாரம் போட்டுத் தங்கினார்கள். சாரணச் சிறுவர்கள் கைபிடித்து அழைத்துப் போனார்கள். 1938-ல் அதே இடத்தில் கடைசியாகக் கூடியபோது வந்தவர்கள் சுமார் 1,800 பேர்தான். வயதோ தொண்ணூறைத் தாண்டி. ஒவ்வொருவரோடும் துணைக்கு ஒரு ஆள் வர அரசாங்கமே செலவு செய்தது. நமக்கு அரசாங்கம் தராது. பேரப்பிள்ளைகள் இருக்கிறார்களே! நாங்கள் எட்டு பேரப்பிள்ளைகளை பஸ் ஸ்டாண்டிலும் ரயில் நிலையத்திலும் நிறுத்தினோம். "எங்க தாத்தா பேசுற ஹிந்தி இன்னிக்குத்தான் கேட்டேன்" என்று ஒரு பையன் ஆச்சரியப்பட்டான்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். முன்னே வேறு சிலர் நடத்தின சந்திப்புகளில், கணவர் போய்விட்டால் அந்த வீட்டுக்கு அழைப்பே நின்றுவிடும். "அவங்க மனசு கஷ்டப்படும்" என்று காரணம் சொல்வார்கள். எங்கள் நோட்டில் அப்படி 11 பேர் இருந்தார்கள். நானே போன் போட்டேன். "நான் எதுக்குங்க அங்க? நல்ல காரியத்துல முன்னால வந்து நிக்கலாமா?" என்றுதான் பாதிப் பேர் கேட்டார்கள். "உங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லி அஞ்சலி செய்யும்போது நீங்க இல்லாம எப்படிங்க அக்கா?" என்றேன். ஒன்பது பேர் வந்தார்கள்.

அதில் என் கணவருக்குப் பயிற்சி கொடுத்த உஸ்தாத்தின் மனைவியும் ஒருவர். வாழப்பாடி பக்கம் ஒரு கிராமம். வயது 82. குத்துவிளக்கை யார் ஏற்றுவது என்ற பேச்சு வந்தபோது, ஆண்கள் ரேங்க் பார்த்தார்கள். பெண்கள் நாங்கள் அந்த அம்மாவின் கையில் மெழுகுவர்த்தியைக் கொடுத்தோம். கை நடுங்கியது, ஆனால் ஐந்து திரியையும் ஏற்றினார். காலமானவர்களின் பெயர்களை வாசித்தபோது, ஒவ்வொரு பெயருக்கும் எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மேசை போட்டோம். அதுதான் பேப்பர் மேசை. எழுத்தர் வேலை பார்த்த இரண்டு நண்பர்கள் உட்கார்ந்தார்கள். டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆணை, ஆதார், பேங்க் பாஸ்புக், இசிஎச்எஸ் அட்டை எல்லாவற்றின் நகலையும் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். பார்க்கப் பார்க்கத்தான் வயிறு கலங்கியது. ஒருத்தர் ரெக்கார்டில் மனைவி பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. ஒருத்தர் கல்யாணத்தையே பதிவு செய்யவில்லை! அவர் உயிரோடு இருக்கும்போது ஒரு கையெழுத்தில் முடிகிற வேலை. அவர் போன பிறகு அந்தப் பெண் எத்தனை ஆபீஸ் படி ஏறணும்?

உஸ்தாத் மனைவியின் பென்ஷன் ஆணையில் பிறந்த தேதியே இல்லை. இதில் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். 2006 ஜனவரி முதல், 80 வயது முடிந்தவர்களுக்கு அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாக உண்டு. 85-க்கு 30, 90-க்கு 40, 95-க்கு 50, நூறு வயதுக்கு 100 சதவீதம். குடும்ப ஓய்வூதியம் வாங்குகிற மனைவிக்கும் இது பொருந்தும். பிறந்த தேதி பதிவில் இல்லாவிட்டால் 80 ஆனது யாருக்குத் தெரியும்? அந்த அம்மாவுக்கு அந்தப் பணம் வந்ததே இல்லை. கேட்கணும் என்பதும் தெரியாது. அன்றைக்கே விண்ணப்பம் எழுதி, வயதுச் சான்று சேர்த்து, பேரன் கையில் கொடுத்தனுப்பினோம். இன்னும் பதில் வரவில்லை. அவனும் விடாமல் விசாரித்துக்கொண்டிருக்கிறான்.

சேலத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, இசிஎச்எஸ் பாலிகிளினிக்கும் இருக்கிறது. எதை எங்கே கேட்கணும் என்று ஒரு தாளில் எழுதி ஆளுக்கு ஒன்று கொடுத்தோம். கூடவே ஆத்தூர் ஜவ்வரிசி ஒரு கிலோ. பொன்னாடையைவிட அது உபயோகம்!

செலவு விஷயத்தில் ஒரு வார்த்தை. தலைக்கு இவ்வளவு என்று பட்டியல் போட்டு ஒட்டாதீர்கள். வாசலில் ஒரு மூடின உண்டியல் வைத்தோம். முடிந்தவர் முடிந்ததைப் போட்டார்கள். யார் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. துண்டு விழவில்லை. பாட்டில் விஷயமும் உண்டே! மண்டபத்துக்குள் கூடாது என்று அழைப்பிலேயே எழுதிவிட்டோம். சாயந்திரம் தட்டுவடை செட்டும் டீயும் கொடுத்தோம். முணுமுணுத்தவர்களும் மூணு செட் சாப்பிட்டார்கள். மறுநாள் விருப்பப்பட்டவர்கள் புத்திரகவுண்டன்பாளையம் போய், 2022-ல் குடமுழுக்கு நடந்த 146 அடி முருகனைக் கும்பிட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பினார்கள்.

ரியூனியன் வரும்வரை காத்திருக்க வேண்டாம் சகோதரிகளே. இந்த ஞாயிற்றுக்கிழமையே உங்கள் வீட்டுக்காரரை உட்காரவைத்து, பென்ஷன் ஆணையில் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் இருப்பது போலவே இருக்கிறதா என்று பாருங்கள். மாமியாருக்கும் பாருங்கள். தெருவில் தனியாக இருக்கிற பட்டாளத்து அம்மாவுக்கும் பாருங்கள். என்ன, செய்வீர்கள்தானே?

- ஒரு முன்னாள் ராணுவ வீரரின் மனைவி, ஆத்தூர், சேலம் மாவட்டம்.