தம்பியைத் தேடி யார் வருவார்கள்?

"மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் 1962-க்குப் போன் போட்டதும் வண்டி வருகிறது. என் தம்பிக்கு அப்படி யாராவது வருவார்களா?"

கேள்வி-பதில் பகுதிக்கு வந்த கடிதம் இது. பெயரும் ஊரும் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார் அந்த விவசாயி. தம்பிக்கு 26 வயது. யாரோ பேசுவது காதில் கேட்கிறதாம். கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்று சொல்லி, தண்ணீர் குடிக்கவே பயப்படுகிறாராம். மூன்று வருடம் முன்பு டவுனில் டாக்டரிடம் காட்டி, மாத்திரை சாப்பிட்டுத் தெளிந்து, தனியாகத் தண்ணீர் பாய்ச்சும் அளவுக்கு வந்துவிட்டார். 'சரியாகிவிட்டதே' என்று மாத்திரையை நிறுத்தினார்கள். நடவு நேரத்தில் இரண்டு பேர் கூலியை விட்டு, பஸ்ஸுக்கும் செலவழித்துப் போய்வர முடியவில்லை என்பதும் ஒரு காரணம். நோய் திரும்பிவிட்டது.

இரண்டு வரியில் பதில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது.

கடிதத்தில் உள்ள அறிகுறிகள் மனச்சிதைவு நோயில் வருபவை. எது என்று டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பெரும்பாலும் இளவயதில் தொடங்கும் இந்த நோய்க்குச் செய்வினையும் காரணமில்லை, வளர்ப்பும் காரணமில்லை. கோயிலுக்குப் போவதை யாரும் தடுக்கவில்லை. மாத்திரையும் கூடவே போகட்டும். கட்டிப்போடுவது மட்டும் கூடவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பி ஓட வழியில்லாமல் இறந்தார்கள். சங்கிலியால் கட்டுவதை 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது.

வீடு தேடிப் போகும் சிகிச்சை நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. 2010-ல் சென்னை 'ஸ்கார்ஃப்' நிறுவனம் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. பஸ்ஸுக்குள் உட்கார்ந்து, சென்னையில் இருக்கும் டாக்டரோடு திரையில் பேசலாம். மருந்தும் அங்கேயே இலவசம். காஞ்சிபுரம், கோவா, சத்தாரா ஆகிய மூன்று இடங்களில் 282 பேரை வைத்து ஓர் ஆய்வும் நடந்தது. ஒரு பகுதியினருக்கு ஆஸ்பத்திரி வைத்தியம் மட்டும். மற்றவர்களுக்கு அதோடு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஊழியர்கள் வீட்டுக்கே போய் மாத்திரை, தூக்கம், வேலை, குடும்பச் சண்டை எல்லாவற்றையும் பேசினார்கள். இந்த ஊழியர்கள் டாக்டர்கள் அல்ல. ஒரு வருட முடிவில் நல்ல பலன் தெளிவாகத் தெரிந்தது காஞ்சிபுரத்தில்தான். மற்ற இரண்டு இடங்களில் அந்த அளவுக்கு இல்லை. முடிவுகள் 2014-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தன.

அரசுத் தரப்பில் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. குறிப்பிட்ட நாட்களில் மனநல டாக்டர் தாலுகா ஆஸ்பத்திரிக்கும் சில ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வருகிறார். உங்கள் பகுதிக்கு எந்த நாள் என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். வீட்டுக்கு ஆள் வருவது எல்லா ஊரிலும் நடப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். டவுனுக்கு அலைவது குறைந்தாலே பாதி பாரம் இறங்கும். தினமும் மாத்திரை விழுங்க மறுப்பவருக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசியும் உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். பலர் செய்வதுபோல் சோற்றில் ரகசியமாகக் கலக்காதீர்கள். தெரிந்துவிட்டால், 'சாப்பாட்டில் விஷம்' என்ற பயத்தை நாமே உறுதி செய்தது போலாகிவிடும்.

வயல் வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று. இந்த மாத்திரைகளில் சில, உடம்பு வெயிலைத் தாங்கும் சக்தியைக் குறைக்கும். லித்தியம் சாப்பிடுபவருக்கு உடம்பில் நீர் வற்றினால் ஆபத்து. சித்திரை வெயிலில் உச்சிப்பொழுது வேலை வேண்டாம், தண்ணீர் கையிலேயே இருக்கட்டும். பூச்சிமருந்தைப் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுத்து வையுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கடிதம் எழுதிய அண்ணனுக்கு: 14416 என்ற இலவச எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம். தம்பி வர மறுத்தால், முதல் தடவை பழைய மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு நீங்கள் மட்டும் போய் டாக்டரைப் பாருங்கள்.