பாத் நகர வெந்நீரூற்றில் கிடைத்த முறைப்பாடுகள்

லண்டன் பாடிங்டன் நிலையத்திலிருந்து புகையிரதத்தில் சுமார் ஒன்றரை மணித்தியாலம் பயணித்தால் பாத் நகரை அடையலாம். நிலத்தின் ஆழத்தில் சூடேறிய மழைநீர், ஏறத்தாழ 46 பாகை செல்சியஸ் வெப்பத்துடன், நாளொன்றுக்கு 10 இலட்சம் லீற்றருக்கும் அதிகமாக இங்கே மேலெழுகின்றது. பிரித்தானியாவைக் கைப்பற்றிய ரோமானியர் இந்த ஊற்றையொட்டிக் கோயிலும் நீராடும் மண்டபங்களும் கட்டினர். உள்ளூர் மக்களின் தெய்வமான சூலிஸை அவர்கள் அகற்றவில்லை. தமது மினர்வாவுடன் இணைத்து 'சூலிஸ் மினர்வா' என வணங்கினர்.

பழைய தடாகத்தில் இன்று நீராட அனுமதியில்லை. அதற்கென 2006 இல் திறக்கப்பட்ட புதிய நிலையம் அருகில் உள்ளது.

ஆனால் இங்கு கட்டாயம் பார்க்கவேண்டியவை, அருங்காட்சியகத்திலுள்ள சிறிய ஈயத் தகடுகள். ஊற்றிலிருந்து சுமார் 130 தகடுகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் பல, களவு கொடுத்தவர்கள் தெய்வத்திடம் நீதி கேட்டு எழுதியவை. பறிபோனது ஒரு மேலங்கி, ஒரு சோடி கையுறை, ஆறு வெள்ளிக்காசு. எடுத்தவர் ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரமானவரோ, தப்பக்கூடாது என்று எழுதி, தகட்டை மடித்து நீரில் இட்டார்கள்.

அவர்களுக்கு நீதி கிடைத்ததா என்பதைத் தகடுகள் சொல்லவில்லை. எனினும் அவை 2014 இல் யுனெஸ்கோவின் 'உலக நினைவகம்' திட்டத்தின் பிரித்தானியப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன.

பதில் வராத மனுக்களை ஆண்டுக்கணக்காக எழுதிவரும் எம்மவர்களுக்கு இது அந்நியமான கதையல்ல. இழந்தது என்னவென்று எழுதி வைத்ததனாலேயே அந்த எளிய மனிதர்களின் குரல் இன்றும் கேட்கின்றது.