ஒரு 'இல்', மூன்று முன்னிடைச்சொற்கள்

ஆங்கில விடைத்தாள்களைத் திருத்தும்போது மாணவர்கள் மிகுதியாகப் பிழை செய்யும் இடங்களுள் ஒன்று முன்னிடைச்சொல். இப்பிழைகளுள் பலவற்றுக்குத் தாய்மொழியில் காரணம் உண்டு. அதை அறிந்தால் கற்பித்தல் எளிதாகும்.

கரும்பலகையில் நான் முதலில் எழுதுவது மூன்று தமிழ்த் தொடர்கள்: பெட்டியில் பேனா இருக்கிறது, சுவரில் படம் இருக்கிறது, வாசலில் அப்பா நிற்கிறார். மூன்றிலும் 'இல்' என்ற ஒரே வேற்றுமை உருபு. ஆங்கிலத்திலோ பெட்டிக்கு 'இன்', சுவருக்கு 'ஆன்', வாசலுக்கு 'அட்'. நம் உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டி வரும். அவர்கள் சொல் பெயருக்கு முன்னால் தனித்து நிற்கும். ஆகவே மாணவர் மூன்று கேள்விகள் கேட்டுப் பழக வேண்டும். பொருள் ஒன்றின் உள்ளே இருக்கிறதா? அதன் பரப்பைத் தொடுகிறதா? இடத்தை ஒரு புள்ளியாக மட்டும் சுட்டுகிறோமா? முறையே இன், ஆன், அட்.

'ஆன் என்றால் மேலே' என்று மட்டும் சொல்லிக்கொடுப்பது போதாது. விட்டத்தின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் பல்லிக்கும் 'ஆன்'தான். பரப்பைத் தொடுவதே அதன் அடிப்படைப் பொருள். தொடாமல் மேலே இருந்தால் 'அபவ்' அல்லது 'ஓவர்'.

காலத்துக்கும் இம்மூன்றே வரும். 9 மணிக்கு என்பதற்கு 'அட்', திங்கட்கிழமைக்கு 'ஆன்', ஜூன் மாதத்துக்கும் 2024ஆம் ஆண்டுக்கும் 'இன்'. கடிகார நேரம், நாள், அதைவிட நீண்ட காலம் என வரிசைப்படுத்தினால் மனத்தில் நிற்கும்.

அடுத்தது வினைச்சொற்கள். 'தேர்வைப் பற்றி விவாதித்தோம்' என்று நினைக்கும் மாணவர் 'டிஸ்கஸ்' உடன் 'அபவுட்' சேர்க்கிறார். அங்கே அது தேவையில்லை. 'பாட்டைக் கேட்டேன்' என்று நினைப்பவர் 'லிசன்' உடன் வர வேண்டிய 'டு'வை விட்டுவிடுகிறார். 'பேருந்துக்காகக் காத்திருந்தேன்' என்பதில் மட்டும் நம் 'காக', 'வெயிட்' உடன் வரும் 'ஃபார்' ஆகியவை பொருந்துகின்றன. எனவே வினைச்சொல்லைத் தனியாகக் கற்பிக்காமல், துணைச்சொல் உண்டா இல்லையா என்பதையும் சேர்த்து ஒரு சிறு தொடராகவே கற்பிப்பது நல்லது.

பிழையான விடையைச் சிவப்பு மையால் அடிக்கும் முன், 'இதைத் தமிழில் எப்படி நினைத்தாய்?' என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பதிலே பிழையின் வேரைக் காட்டிவிடும். தான் மந்தம் என்று எண்ணி ஒதுங்கியிருக்கும் மாணவருக்கும், தன் விடைக்குப் பின்னால் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பது புரியும். பிறகு அவரே திருத்தத் தொடங்குவார்.