கோடைக்கால வீட்டுத்தோட்டமும் கிணற்று நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிராமங்களில் பயிரில்லாத வளவைக் காண்டல் அரிது. கிணற்றடியில் வாழையும் கறிவேப்பிலையும், வேலியோரத்தில் முருங்கையும், முற்றத்தில் மாதுளையும் தேசியும், அடுக்களைப் பின்புறத்தே இரண்டொரு பாத்தியில் கத்தரி, வெண்டி, கீரை என்பனவும் இருப்பின், ஒரு குடும்பத்தின் கறிக்கு வேண்டியவற்றுட் பெரும்பகுதி சந்தைக்குச் செல்லாமலே கிடைத்துவிடும். காலையிற் கொய்த கீரையை அன்றே சமைத்துண்பதன் சுவை கமக்காரருக்குச் சொல்லித் தெரியவேண்டியதன்று.

ஆயின் ஆடி, ஆவணி மாதங்களில் இத்தோட்டமே வீட்டாரைச் சங்கடத்துக்குள்ளாக்குகின்றது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையிற் பெய்து ஓய்ந்துவிடுகின்றது. சோளகம் வீசுங் காலத்தில் மண் விரைவில் உலர, கிணற்று நீர்மட்டமும் இறங்குகின்றது. எல்லாப் பயிரையும் காக்கவெண்ணி மிகுதியாக இறைப்பதா, சிலவற்றைக் கைவிடுவதா?

இதற்கு விடை காணுமுன் கிணற்றின் இயல்பை அறிதல் வேண்டும். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளில் தேங்கி, கடலிலிருந்து உட்புகுந்த உவர்நீரின்மேல் மிதக்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் பாரங்குறைந்தது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நிற்குமாயின், அம்மட்டத்துக்குக் கீழ் ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. இதனை மறுபுறமாகவும் பார்த்தல் வேண்டும். மேல்மட்டம் ஓரடி தாழ்ந்து அப்படியே நின்றால், கீழுள்ள உவர்நீர் காலப்போக்கில் ஏறத்தாழ 40 அடி மேலெழும். துலாவினால் இறைத்த காலத்தில் இறைப்பவரின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை.

ஆதலின் சிலவற்றைக் கைவிடுதலே முறை. கீரை, கத்தரி, போஞ்சி ஆகியவற்றின் பாத்திகளைக் கோடை முற்றுமுன் நிறுத்தினால் இழப்பு சில மாதங்களுக்கே. மாரியில் மீண்டும் நடலாம். தேசியோ மாதுளையோ பட்டுப்போனால், புதுக்கன்று காய்க்கச் சில ஆண்டுகள் செல்லும். எனவே உள்ள நீர் மரங்களுக்கே உரியது. வாழைக்குக் குளிக்கும் நீரும் பாத்திரங் கழுவும் நீரும் போதிய அளவு சென்றால் நன்று. வேரூன்றிய முருங்கை தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.

இலைகளின் நுனியும் ஓரமும் கருகக் கண்டவுடன் நீர் போதவில்லையென்று மேலும் இறைப்பவர் பலர். அக்கருகல் உவரினாலும் உண்டாகும். அவ்வாறாயின் மேலும் இறைப்பது நோயையே மருந்தாகக் கொடுப்பது போலாகும். முதலிற் கிணற்று நீரைச் சுவைத்துப் பார்த்தல் வேண்டும். போஞ்சி, வெங்காயம், தேசி என்பன சிறிதளவு உவரையுந் தாங்கா. பீற்றூற் ஓரளவு தாங்கும். உவர்நீரை இலைமேற் படத் தெளித்தலாகாது. நாள்தோறும் மேல்மண் மாத்திரம் நனையத் தெளித்தால், நீர் ஆவியாக உப்பு மண்ணில் தங்கும். மாலையில், வேர்வரை இறங்கும்படி அடியிற் பாய்ச்சி, பூவரசங்குழையாலோ வாழைச்சருகாலோ மூன்றங்குலத் தடிப்பில் மூடிவிடுதல் நன்று. பனையோலையைத் தோட்டத்திற் புதைக்கும் பழைய வழக்கமும் மண்ணின் ஈரத்தைக் காக்கும்.

செயற்கை உரத்தை அளவுக்கு மிஞ்சி இடுதல் கூடாது. குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருக்கக் காணப்பட்டுள்ளது. பாத்திக்கு நீர் தரும் கிணறே பல வீடுகளிற் குழந்தைக்கும் குடிநீர் தருகின்றது.

புரட்டாதி முடியுமுன் வளவைச் சுற்றி முக்காலடி உயரத்துக்கு வரம்பு கட்டி, தெருவுக்கு ஓடும் மழைநீரை உள்ளே தேக்கி ஊறவிடுதல் வேண்டும். மரத்தினடியில் நீர் ஓரிரு நாளுக்கு மேல் நிற்குமாயின் அவ்விடத்தில் மாத்திரம் வரம்பை வெட்டிவிடலாம்.