கரண்டியில் நிற்கும் சோறு

தேத்தண்ணி கொஞ்சம் ஆறட்டும், அதற்குள் பேசுவோம். பிள்ளைக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது. ‘இனிச் சோறு தீத்தலாம்’ என்று மிட்வைஃப் அக்கா சொல்லிவிட்டுப் போயிருப்பார். திருகோணமலை நகரானாலும் சீனக்குடாவானாலும் கிண்ணியாவானாலும், அன்று மாலையே வீட்டில் ஒரு கேள்வி எழும்: எவ்வளவு தண்ணியாகக் கரைப்பது?

அதற்கு முன், தாய்ப்பால் ஏன் தனியாகப் போதாது என்று பார்ப்போம். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே தாயிடமிருந்து இரும்புச்சத்தைச் சேர்த்துக்கொண்டு வருகிறது. மாரிக்கு முன் வீட்டில் சேர்த்து வைத்த நெல்லைப் போல அது ஆறு மாதமளவில் குறைந்துவிடும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் கொஞ்சமே. பாலை நிறுத்த வேண்டியதில்லை. இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம். பக்கத்தில் ஒரு துணை வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். பிஞ்சு வயிறு, தண்ணியாகக் கொடுத்தால்தான் செமிக்கும் என்று எல்லோரும் நம்புகிறோம். அம்மம்மா அன்போடு சொல்வதும் அதுதான். ஆனால் ஏழு கிலோப் பிள்ளையின் வயிறு ஒரு நேரத்தில் ஏறக்குறைய 200 மில்லிலீற்றர்தான் கொள்ளும். நம் கையிலுள்ள கோப்பையளவு. மூதூருக்குப் போகும் சிறு படகை நினைத்துப் பாருங்கள். தண்ணீர்க் கேன்களாலேயே அதை நிரப்பிவிட்டால் அரிசி மூட்டையை எங்கே வைப்பது?

கணக்காகவே பார்ப்போம். கலோரி என்பது உடம்புக்கான எரிபொருளின் அளவு. 100 மில்லிலீற்றர் தாய்ப்பாலில் 65 முதல் 70 கலோரி வரை உண்டு. 100 கிராம் சோற்றில் ஏறக்குறைய 130. அந்தச் சோற்றை மூன்று நான்கு மடங்கு தண்ணீரில் கரைத்தால் 100 மில்லிலீற்றருக்கு 30 அளவுக்கு இறங்கிவிடும். வடித்தால் இன்னும் கீழே. அதாவது பாலைவிடப் பலம் குறைந்த ஒன்றால், பால் போக வேண்டிய இடத்தை அடைக்கிறோம். பிறகு கிளினிக் அட்டையில் நிறைக்கோடு மேலே ஏறாமல் படுத்துவிட்டால், ‘உனக்குப் பால் போதாது’ என்று தாயைச் சொல்கிறார்கள். அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

ஆகவே சோற்றைக் குழைய அவித்து மசியுங்கள். கரண்டியைச் சரித்தால் வழிந்தோடாமல் நிற்க வேண்டும். இறுகினால் தண்ணீருக்குப் பதில் தாய்ப்பாலையே விடலாம். பருப்பு, பூசணி, முருங்கை இலை சேருங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 40 கலோரி தரும். மீனுக்கு ஒரு வயது வரை காத்திருக்கத் தேவையில்லை. துறைமுகத்தை வைத்துக்கொண்டு நாம் ஏன் இரும்புக்கு அலைய வேண்டும்? பாரையோ விளையோ எடுத்து, சதையை விரலால் தடவி முள் பார்த்து, சோற்றோடு மசித்தால் போதும். முட்டையும் அப்படியே. தேன் மட்டும் ஒரு வயதுக்கு முன் வேண்டாம். அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பிள்ளையின் குடலில் நஞ்சை உண்டாக்கலாம்.

முதல் நாட்களில் இரண்டு மூன்று கரண்டி போதும். நாக்கால் வெளியே தள்ளினால் பிடிக்கவில்லை என்று எண்ணாதீர்கள். இத்தனை நாளும் உறிஞ்ச மட்டுமே பழகிய நாக்கு அது. நாளைக்கும் அதையே கொடுங்கள்.

உங்கள் தேத்தண்ணி ஆறியிருக்கும், குடியுங்கள். அதில் பிஸ்கற்றை நனைத்துப் பிள்ளைக்கு நீட்ட மட்டும் வேண்டாம். தேயிலையின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பருப்பிலும் முருங்கை இலையிலும் இருந்து வந்தது உடம்பில் சரியாகச் சேராமல் போய்விடும்.