விழித்தெழாக் கணிப்பொறி

உள்ளங்கையளவான சுற்றுப்பலகை ஒன்றிலே முழுக் கணிப்பொறியையும் அமைக்கும் ஆற்றலை நம் காலத்து மின்னணுவியல் பெற்றுள்ளது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலே உருவாகி, 2012ஆம் ஆண்டு பெப்ரவரி 29ஆந் திகதி விற்பனைக்கு வந்த இராஸ்பெரி பை இவ்வகையிற் பெயர்பெற்றதாகும். மாணவர்க்கு நிரலாக்கம் பயிற்றும் நோக்குடன் தோன்றிய இப்பலகை இன்று ஆய்வுகூடங்களில் அளவுக்கருவிகளை ஆளும் பணியையும் ஏற்றுள்ளது. சிலவேளைகளில் இஃது மின்னூட்டியும் விழித்தெழாது இடைவழியில் நின்றுவிடும். நின்றதும் பலர் நினைவக அட்டையை அழித்துப் புதிதாக எழுத முற்படுவர். அட்டையிலே பல மாதங்களாகத் திரட்டிய அளவீடுகள் இருப்பின் அவையும் உடன் அழிந்தொழியும். குற்றமோ வேறிடத்தில் இருக்கவும் கூடும். ஆதலின், 2016இல் வெளிவந்த மூன்றாம் மாதிரியை உதாரணமாகக் கொண்டு, இக்குற்றத்தை நாடும் முறையை ஈண்டு நோக்குவாம்.

முதற்கண் இப்பொறி விழித்தெழும் ஒழுங்கை அறிதல் வேண்டும். சில்லினுள்ளே நிலையாகப் பதிக்கப்பட்ட சிறு நிரல் ஒன்று முதலில் இயங்கி, அட்டையின் முதற் பகுதியிலுள்ள 'பூட்கோட்' என்னும் கோப்பைப் படிக்கும். அக்கோப்பு பிரதான நினைவகத்தை எழுப்பி, 'ஸ்டார்ட்' என்னும் கோப்பை அழைக்கும். அது அமைப்புக் கட்டளைகளைப் படித்து, லினக்ஸின் கருவாகிய கெர்னலை நினைவகத்தில் வைக்கும். இதுகாறும் உழைப்பது வரைவியற் செயலியே. பிரதான செயலி துயின்றுகொண்டிருக்கும். கெர்னல் வந்தபின்னரே பிரதான செயலி எழுந்து, அட்டையின் இரண்டாம் பகுதியைத் தேடிப் பற்றி, ஏனைய சேவைகளை ஒவ்வொன்றாகத் தொடக்கும். 2019இல் வந்த நான்காம் மாதிரியில் பூட்கோட்டின் பணியைப் பலகையிலுள்ள தனிச் சில்லு ஒன்று செய்கின்றது. ஏனைய ஒழுங்கு பெரிதும் ஒக்கும்.

இச்சங்கிலியில் எக்கண்ணி அறுந்தது என்பதே வினா. சைவசித்தாந்த நூலார் காட்சி, கருதல், உரை என அளவை மூன்று கூறுவர். இவ்வாராய்ச்சிக்கும் அம்மூன்றும் பொருந்துவனவே.

காட்சிக்கு உரியன பலகையின் விளக்குகள். மின்னழுத்தம் 4.63 உவோற்றுக்குக் கீழே இறங்கின் சிவப்பு விளக்கு அணையும். மின்வழங்கி நன்றாயிருப்பினும் மெலிந்த வயர் கெடுத்துவிடும். 5.1 உவோற்று வழங்கியிலிருந்து கால் ஓம் தடையுள்ள வயரூடாக 2 அம்பியர் செல்லின், வழியிலே அரை உவோற்று இழக்கப்பட்டு, பலகையை அடைவது 4.6 உவோற்றேயாம். ஆதலின் வயரை மாற்றுதலும், உடன் பூட்டிய பிற கருவிகளைக் கழற்றுதலும் முதற்பணிகள். அடுத்து, பச்சை விளக்கு அட்டையைப் படிக்கும்போது மினுங்கும். அது ஒருபோதும் மினுங்காதாயின் அட்டையையோ அதன் முதற் பகுதியையோ ஐயுறுக. நான்குமுறை விட்டுவிட்டு மினுங்கின் 'ஸ்டார்ட்' கோப்பும், ஏழுமுறையாயின் கெர்னலும் காணப்படவில்லை என்பது பொருள். வானவில் நிறத் திரை தோன்றி அவ்வாறே நிற்பின், 'ஸ்டார்ட்' இயங்கியது, கெர்னல் எழவில்லை என்று கொள்க.

உரை என்பது பொறி தானே கூறும் வாக்குமூலம். பலகையின் 6ஆம் ஊசி புவித்தொடுப்பு. 8ஆம் ஊசி அனுப்புவது. 10ஆம் ஊசி பெறுவது. இவற்றைத் தொடர்வழி மாற்றி ஒன்றால் வேறொரு கணிப்பொறியுடன் இணைத்து, செக்கனுக்கு 115200 பிட் என்னும் வேகத்தில் நோக்கலாம். ஒன்றன் அனுப்பும் ஊசி மற்றதன் பெறும் ஊசியைச் சேர்தல் வேண்டும். மாற்றி 3.3 உவோற்றுக்கு உரியதாதல் இன்றியமையாதது. 5 உவோற்றுச் சைகை பலகையைப் பழுதாக்கக்கூடும். அமைப்புக் கோப்பில் தொடர்வழியை இயக்கி, கட்டளை வரியிலுள்ள 'குவயட்' என்னும் சொல்லையும் நீக்கினால், மௌனமாயிருந்த கெர்னல் தன் செய்கைகளை வரிவரியாகச் சொல்லும்.

இனிக் கருதல். இறுதியாகத் தோன்றிய வரி குற்றவாளியின் பெயரன்று. பெரும்பாலும் இனிது முடிந்த கடைசிச் செயலையே அது குறிக்கும். குற்றம் அதற்கு அடுத்த படியில் உளதென்று ஊகிக்க வேண்டும். மூலப் பகுதிக்காகக் காத்திருப்பதாகக் கூறி நிற்பின், கட்டளை வரியில் எழுதிய அடையாள எண்ணும் அட்டையின் உண்மையான எண்ணும் ஒவ்வாமை ஒரு காரணமாகும். அட்டையைப் பிரதிசெய்து பகுதிகளை மாற்றியமைத்தபின் இது நேரும். எண்ணைத் திருத்தினாற் போதும். ஒரு கோப்பும் அழியாது. சேவைகள் தொடங்கும் வேளையிலே சுமார் 90 செக்கன் தயங்கின், முன்னர்ப் பட்டியலிற் பதிந்து இப்போது கழற்றப்பட்ட வட்டு ஒன்றைப் பொறி தேடுகின்றது எனலாம்.

எதனைத் திருத்துமுன்னும் அட்டையை வேறொரு கணிப்பொறியில் இட்டு முழுப் பிரதி எடுத்தல் கடன். பின்னர் ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றிச் சோதித்தல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றியவழிப் பொறி எழுந்தாலும், எதனால் எழுந்தது என்பது விளங்காது. அடுத்த முறை மீண்டும் இருளிலே நிற்போம். நோயின் முதலை அறியாது மருந்து கொடுக்கும் வைத்தியனை நாம் விரும்போம். மாணவரும் தம் கையிலுள்ள சிறுபொறியிடத்து அவ்வாறொழுகாது, கண்டும் கேட்டும் கருதியும் காரணந் துணியும் பயிற்சியைக் கைக்கொள்வாராக.