பம்பு செட்டுக்கு ஏற்ற சுத்தியல்

கிணற்றுப் பம்பின் பேரிங்கை மாற்றும்போது விவசாயிகள் பலர் கைக்குக் கிடைத்த இரும்புச் சுத்தியலால் அடிக்கின்றனர். இதனால் ஷாப்டின் முனை பிதுங்கி, புதுப் பேரிங் ஏறாமல் போகும். தெறிக்கும் சில்லு கண்ணில் படும் ஆபத்தும் உண்டு.

சென்னை அடையாறை அடுத்த கிண்டியில் 1958-ல் தொழிற்பேட்டை தொடங்கப்பட்டது. அதுபோன்ற இடங்களின் லேத் பட்டறைகளில், கடைந்து முடித்த உருப்படியைத் தட்ட மென்மையான சுத்தியலையே எடுப்பார்கள்.

பித்தளை, செம்பு: ஷாப்ட், புல்லி ஆகியவற்றைத் தட்ட ஏற்றவை. அடிபடும் பாகத்துக்குப் பதில் சுத்தியலே நசுங்கும். பிதுங்கிய ஓரத்தை அவ்வப்போது அரத்தால் ராவிவிட வேண்டும்.

ஈயம்: மிக மென்மையானது, ஆனால் நஞ்சு. வீட்டில் உருக்கி வார்க்கக் கூடாது. தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்.

டெட் ப்ளோ: இதன் தலைக்குள் இரும்பு ரவைகள் இருக்கும். அடித்ததும் அவை சற்றுப் பிந்தி வந்து மோதுவதால் சுத்தியல் எகிறாது. அடி முழுவதும் இறங்கும்.

பேரிங்கை எந்தச் சுத்தியலாலும் நேராக அடிக்கக் கூடாது. பித்தளைத் துணுக்கு உள்ளே விழுந்தாலும் குண்டுகள் கெடும். ஷாப்டில் ஏற்றும்போது, உள்வளையத்தில் மட்டும் உட்காரும் குழாயை வைத்து, அதன்மேல் தட்ட வேண்டும்.

எல்லாவற்றையும் வாங்கத் தேவையில்லை. பழைய பித்தளை உருளைத் துண்டில் லேத் பட்டறையில் துளை போட்டுக் கைப்பிடி செருகினால் போதும். மெயின் சுவிட்சை அணைத்து, பியூசைக் கழற்றிய பின்பே வேலையைத் தொடங்குவது நல்லது.